நெஞ்சுவலிக்கும் முதல் இ.சி.ஜி.க்கும் நடுவே

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன வாரம் போனில் கூப்பிட்டார். "இருபது நிமிஷம் பேசோணும் தம்பி. பெரிய விஷயமெல்லாம் வேண்டாம், உன் தொழிலைப் பத்தியே பேசு" என்றார். என் தொழில் மருத்துவமனைக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும். 2010-ல் மின்னணுவியல் பிரிவில் தேறி வெளியே போனேன். அன்றிலிருந்து இ.சி.ஜி. இயந்திரங்களோடுதான் வாழ்க்கை. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி என்று இந்த நாலு மாவட்டத்திலும் என் பைக் போகாத ஆஸ்பத்திரி குறைவு.

நான் டாக்டர் இல்லை. வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் நம் ஊரில் நடந்து உலகம் கவனித்த ஓர் இதயநோய் ஆய்வு இருக்கிறது. அதை ஒரு பொறியாளனாகப் படித்துப் பார்த்தேன். அது நமக்கு ஒரு வேலையை மிச்சம் வைத்திருக்கிறது என்று தோன்றியது. அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

பம்ப் ஊருக்கு ஒரு பம்ப் பாடம்

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதயத்தை விளக்குவது சுலபம். அது ஒரு பம்ப். உடம்பு முழுக்க ரத்தத்தை அனுப்பும் அந்தப் பம்புக்கே தன் வேலைக்கு ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் குழாய்கள்தான் கரோனரி தமனிகள். அதில் ஒன்றில் ரத்தம் உறைந்து முழுதாக அடைத்துக்கொண்டால், அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை அரை மணி நேரத்திலேயே சாக ஆரம்பிக்கிறது. அடைப்பு நீடிக்க நீடிக்க, சாகும் பரப்பு மணிக்கணக்கில் விரிந்துகொண்டே போகிறது.

மோட்டார் காயில் கருகினால் ரீவைண்டிங் கடையில் கொடுத்துக் காயில் கட்டிக்கொள்ளலாம். சாயங்காலத்துக்குள் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ந்துவிடும். செத்துப்போன இதயத் தசைக்குக் காயில் கட்ட எந்தக் கடையும் இல்லை. ஆகையால் எல்லாமே நேரக் கணக்குத்தான்.

குழாய் முழுதாக அடைபட்டதை முதலில் சொல்வது இ.சி.ஜி. அந்தக் கட்டம் போட்ட தாளில், எஸ்.டி. என்று சொல்லும் பகுதி அடிக்கோட்டில் நிற்காமல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். இந்த வகை மாரடைப்புக்கு டாக்டர்கள் சுருக்கமாக வைத்திருக்கும் பெயர் 'ஸ்டெமி'. ரத்தத்தில் ட்ரோபோனின் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. ஆனால் தசை சேதமாகி, அந்தப் புரதம் ரத்தத்தில் போதுமான அளவு ஏறச் சில மணி நேரம் ஆகலாம். எஸ்.டி. தூக்கி நிற்கும் நோயாளிக்கு அந்த ரிசல்ட் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. பத்து எலக்ட்ரோடு, பன்னிரண்டு கோணம், ஐந்து நிமிட வேலை. அந்த ஒரு தாளில் முடிவு தெரிந்துவிடும்.

இந்தத் தாளைத் தூரத்துக்கு அனுப்பும் யோசனையும் புதிது அல்ல. இ.சி.ஜி.யை நமக்குக் கொடுத்த ஐன்தோவன், ஹாலந்தில் லைடன் நகரத்தில் இருந்தார். அவருடைய இயந்திரம் ஏறக்குறைய 270 கிலோ எடை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் 1905-ல், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியின் இதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தன் ஆய்வகத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். 1924-ல் நோபல் பரிசு பெற்றார். நூறு வருஷத்துக்குப் பிறகு நம் ஊரில் செய்ததும் அதே யோசனையின் நீட்சிதான்.

குடமும் ஆரக்காலும்

அடைப்பை நீக்க இரண்டு வழி. ஒன்று, கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து. இதைச் சின்ன ஆஸ்பத்திரியிலும் போடலாம். இன்னொன்று, ஆஞ்சியோகிராம் செய்து பலூனும் ஸ்டென்டும் வைத்துக் குழாயைத் திறப்பது. இதற்குக் கேத் லேப் வேண்டும், அதற்கென்று பயின்ற டாக்டர்கள் வேண்டும். கோவை அவினாசி ரோட்டில் இருப்பவருக்கு அது பத்து நிமிஷத் தூரம். வால்பாறைக்காரருக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பொள்ளாச்சி வந்து, அங்கிருந்து கோவை வரவேண்டும். தாளவாடிக்காரருக்குத் திம்பம் மலை. 'நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ' என்று எல்லோருக்கும் ஒரே சட்டம் போட முடியாது.

இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர், கோவை மெடிக்கல் சென்டரின் இதயநோய் நிபுணர் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர். சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் டாக்டர் அஜித் முல்லசாரியும் அவருமாகச் சேர்ந்து 'ஸ்டெமி இந்தியா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் கோவை – ஈரோடு வட்டாரத்தில் ஒரு முன்னோட்டம். பிறகு தமிழ்நாட்டின் நான்கு பகுதிகளில் விரிந்த ஆய்வு.

மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், சுற்றிலும் ஆரக்கால். கேத் லேப் உள்ள 4 பெரிய மருத்துவமனைகள் குடம். சுற்றியுள்ள 35 சின்ன மருத்துவமனைகள் ஆரக்கால். ஆரக்காலில் இ.சி.ஜி. எடுத்து, அதைக் குடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் யோசனைப்படி, பக்கத்தில் இருப்பவரை நேரே கேத் லேபுக்கு அனுப்புவது. தூரத்தில் இருப்பவருக்கு அங்கேயே கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் குடத்துக்குக் கொண்டுவந்து ஆஞ்சியோ பார்ப்பது. இப்படிச் செய்வது நியாயமான மாற்று வழிதான் என்பதை 2013-ல் வெளிவந்த 'ஸ்ட்ரீம்' என்ற பன்னாட்டு ஆய்வும் 1,892 நோயாளிகளிடம் காட்டியது.

இதில் கவனிக்க வேண்டியது, புதிதாக யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-லேயே வந்துவிட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் வந்தது. செல்போன் டவர் எல்லா ஊரிலும் இருந்தது. தனித்தனியாகக் கிடந்த பாகங்களைச் சேர்த்து ஒரே சக்கரமாகப் பூட்டினார்கள். நம் பாஷையில் சொன்னால், அசெம்பிளி வேலை.

என்ன கிடைத்தது?

2012 ஆகஸ்டு முதல் 2014 ஜூன் வரை 2,420 நோயாளிகள். சக்கரம் பூட்டுவதற்கு முன்னால் 898 பேர், பூட்டிய பிறகு 1,522 பேர். முடிவுகள் 2017-ல் அமெரிக்காவின் 'ஜாமா கார்டியாலஜி' இதழில் வெளிவந்தன.

ஆஞ்சியோகிராம் பார்க்கப்பட்டவர்கள் நூற்றுக்கு 35 பேராக இருந்தது ஏறக்குறைய 61 ஆனது. ஓராண்டுக்குப் பிறகு தொடர்ந்து விசாரித்து அறிய முடிந்தவர்களில், இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். நூறு குடும்பத்தில் மூன்று, நான்கு குடும்பத்துக்கு வீட்டுப் பெரியவர் மிச்சமானார் என்று அர்த்தம்.

ஆனால் நாம் இன்ஜினியர்கள். நல்ல ரீடிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அது டெஸ்ட் ரிப்போர்ட் ஆகாது. மருத்துவமனையில் இருக்கும்போதே இறந்தவர்களின் விகிதம் முன்னே 5.8, பின்னே 5.6. அதாவது மாற்றம் இல்லை. சிகிச்சை தொடங்க ஆன நேரமும் பெரிதாகக் குறையவில்லை. இது முன் – பின் ஒப்பீடு. சீட்டுக் குலுக்கி இரண்டு அணியாகப் பிரித்துச் செய்த சோதனை அல்ல. இதையெல்லாம் அந்த ஆய்வுக்காரர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே அந்தக் கட்டுரையின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

சரி, சக்கரம் நன்றாகச் சுற்றியும் நேரம் ஏன் குறையவில்லை? இங்கேதான் பழைய ஆய்வு ஒன்று உதவுகிறது. 'கிரியேட்' என்று பெயர். இந்தியா முழுவதும் 89 மருத்துவமனைகள், 20,937 நோயாளிகள். 2008-ல் 'லான்செட்' இதழில் வந்தது. வலி தொடங்கி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். முழுதாக ஆறு மணி நேரம். வாசலுக்குள் வந்த பிறகு கரைக்கும் மருந்து ஏற ஆனது 50 நிமிடம். எந்த லைனில் அடைப்பு என்று முதலாண்டு மாணவனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். டாக்டர்கள் தங்கள் கைக்குள் இருந்த ஐம்பதைச் சீர்படுத்தப் பாடுபடுகிறார்கள். முந்நூற்று அறுபது நம் வீட்டிலும், தோட்டத்திலும், மில்லிலும், பக்கத்துக் கிளினிக்கிலும் கரைந்து போகிறது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் வசதியானவர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். கொடுக்கப்பட்ட சிகிச்சையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஏழையின் இதயம் மட்டமான சரக்கு இல்லீங்க. அவருக்குச் சேரவேண்டியது சேரவில்லை, அவ்வளவுதான்.

என் பெரியப்பா கணக்கு

சென்னிமலைப் பக்கம் எங்கள் பெரியப்பா விவசாயி. 2016-ல் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணி. மோட்டார் போட்டுவிட்டு வந்தவருக்கு நெஞ்சை அமுக்கியிருக்கிறது, சட்டை நனைகிற மாதிரி வேர்வை. "வாயுவாட்ட இருக்குது அம்மிணி, ஒரு சோடா வாங்கியாரச் சொல்லு" என்று படுத்துக்கொண்டார். பெரியம்மா ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார்கள். ஒன்பது மணிக்குப் பக்கத்து ஊர்க் கிளினிக். கேஸ் டிரபிள் என்று ஓர் ஊசி, நாலு மாத்திரை. இ.சி.ஜி. எடுக்கவில்லை. ஒரு மணிக்கு மறுபடி வலி. மாப்பிள்ளையின் கார் வந்து, டவுன் ஆஸ்பத்திரியில் முதல் இ.சி.ஜி. எடுத்தபோது மணி இரண்டரை. பத்து மணி நேரம்.

பெரியப்பா இன்றைக்கும் இருக்கிறார். ஆனால் அவர் பம்ப் ஒரு துடிப்புக்கு முப்பது சதவீதம்தான் இறைக்கிறது. நல்ல இதயம் ஐம்பத்தைந்துக்கு மேல் இறைக்கும். சென்னிமலைப் படியைத் திருநாளுக்குத் திருநாள் ஏறியவர், இப்போது கிணற்று மேட்டுக்குப் போய்வர இரண்டு இடத்தில் உட்காருகிறார். அந்தப் பத்து மணி நேரத்தில் அவர் வீட்டிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்குள் மூன்று இடத்தில் இ.சி.ஜி. இயந்திரம் இருந்தது. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதில் இரண்டுக்கு சர்வீஸ் செய்பவன் நான்.

இயந்திரம் இருந்தும்

பல ஊர்களில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். யாரையும் குறை சொல்வதற்கு அல்ல. இயந்திரம் பீரோவுக்குள் இருக்கும்; சாவி பகல் டியூட்டி சிஸ்டரிடம் இருக்கும். பேப்பர் ரோல் தீர்ந்திருக்கும். ஜெல்லி காய்ந்து கிடக்கும். எர்த்திங் சரியில்லாமல் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலில் கோடு முழுக்கப் புழுப்போல நெளியும்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: எஸ்.டி. ஒரு மில்லிமீட்டர் தூக்கியிருக்கிறது என்றால் அது 0.1 மில்லிவோல்ட். டார்ச் லைட் செல்லில் 15,000-ல் ஒரு பங்கு. அதை வைத்துத்தான் ஒரு மனிதனின் உயிர்க்கணக்கு. அடிக்கோடு ஆடாமல் அழகாக வரவேண்டும் என்று ஃபில்டரை 0.5 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி வைத்துவிடுவார்கள். நோய் அறிய எடுக்கும் இ.சி.ஜி.க்கு அது 0.05-ல் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஏற்றி வைத்தால் சில இயந்திரங்களில் எஸ்.டி. பகுதியே உருமாறிவிடும், இல்லாத தூக்கல் தெரியலாம், இருக்கும் தூக்கல் மறையலாம். கோடு அழகாக இருக்கும், ஆனால் பொய் சொல்லும்.

இன்னொன்று கடிகாரம். உள் பேட்டரி செத்துப்போய், இ.சி.ஜி. தாளில் 2000-ஆம் வருஷம் ஜனவரி 1 என்று அச்சாகும். ஆம்புலன்ஸில் ஒரு மணி, ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு மணி, தாளில் ஒரு மணி. எங்கே தாமதம் என்று அளக்கவே முடியாது. அளக்க முடியாததை எப்படிக் குறைப்பது?

உங்களிடம் கேட்பது

முதலில் ஆலை நடத்தும் அண்ணன்மார்களிடம். இந்த அரங்கில் ஸ்பின்னிங் மில், பவுண்டரி, பம்ப் கம்பெனி, பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அந்த அறையில் ஒரு பன்னிரண்டு லீட் இ.சி.ஜி. இயந்திரம் வையுங்கள். இரவு ஷிப்டிலும் அதை எடுக்கத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். எடுத்த தாளைப் படம் பிடித்து உடனே பார்க்கச் சொல்ல, பக்கத்து மருத்துவமனையோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். நெஞ்சுவலி என்று வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. என்பது உலகம் முழுக்க மருத்துவமனைகள் ஒப்புக்கொண்ட அளவுகோல். அதை உங்கள் ஆலை வாசலுக்கும் கொண்டுவர முடியும். ஒரு பழைய மோட்டாரை மாற்றும் செலவுகூட ஆகாது. ஏற்கெனவே இயந்திரம் வைத்திருப்பவர்கள், போய் அந்தப் பீரோவைத் திறந்து பாருங்கள்.

அடுத்து மாணவர்களிடம். வருஷா வருஷம் இறுதியாண்டில் ஹார்ட் ரேட் மானிட்டர் செய்கிறீர்கள். துடிப்பை எண்ணுவது தீர்ந்த கணக்கு, தம்பிகளா. தீராத கணக்கு வேறு இருக்கிறது. எலக்ட்ரோடை இடம் மாற்றி ஒட்டினால் எச்சரிக்கும் கருவி செய்யுங்கள். ஃபில்டர் தப்பாக இருந்தால் தாளிலேயே பெரிய எழுத்தில் அச்சிட வையுங்கள். ஆம்புலன்ஸ், இயந்திரம், ஆஸ்பத்திரி மூன்றின் கடிகாரத்தையும் ஒரே மணிக்குக் கொண்டுவாருங்கள். இதில் எதையும் செய்வதற்கு முன், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு முதல் கட்ட மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். ஆரக்கால் நம் ஊர் வரைக்கும் நீண்டுவிட்டது. அதற்கு என்ன கருவி உதவும் என்பதை அங்கே இருக்கும் சிஸ்டரிடம் கேட்டால்தான் தெரியும்.

கடைசியாக எல்லோரிடமும். தமிழ்நாட்டு ஆய்வில் நோயாளிகளின் சராசரி வயது 54.7. நூற்றுக்கு 84 பேர் ஆண்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்கள் மன்னிக்க வேண்டும்; அந்த வயது உங்களுடையது. முந்நூற்று அறுபதைக் குறைக்க நாலு காரியம் போதும்.

நெஞ்சு அமுக்கல், வேர்வை, தாடை அல்லது கைக்குப் பரவும் வலி வந்தால் வாயுவா, இல்லையா என்று வீட்டில் பட்டிமன்றம் வேண்டாம். அதை இ.சி.ஜி. தீர்மானிக்கட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, திடீர் அசதி என்றும் வரலாம். "வேலை செஞ்ச அலுப்பு" என்று அம்மாவைப் படுக்க வைத்துவிடாதீர்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் இ.சி.ஜி. நார்மல் என்று வந்தும் வலி நிற்கவில்லையென்றால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். சிறிது நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு தாள் அந்த நொடியை மட்டும்தான் காட்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கப் போகிறார்கள். டாக்டர்கள் தங்கள் பங்குக்குச் சக்கரத்தைப் பூட்டிக் காட்டிவிட்டார்கள். வாசலுக்கு வெளியே இருக்கும் ஆறு மணி நேரம் நம் பொறுப்பு. அடுத்த வருஷம் இதே அரங்கில், "எங்கள் மில்லில் இயந்திரம் வைத்தோம், ஒருவருக்கு உதவியது" என்று ஒரே ஓர் அண்ணன் எழுந்து சொன்னால் போதும், செயலாளர் எனக்குக் கொடுத்த இருபது நிமிடம் வீண் போகவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.